பெயர் போடாத பலகை

இதில் வருகிற பெயர்களை மாற்றிவிட்டேன். தெருவையும் கடையையும் மாற்றிவிட்டேன். கெய்ரோவைத் தெரிந்தவர்கள் மூளையைக் கசக்கிக்கொண்டு தேட வேண்டாம். இந்த முறை கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன முறை கேட்கவில்லை. அந்த வெட்கம்தான் இந்தக் கதை.

என் தொழில் அரபி எழுத்துரு செய்வது. அதிலும் பழைய மோஸ்தர். சினிமா சுவரொட்டி, தீப்பெட்டி, மருந்துக்கடைப் பலகை என்று ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய எழுத்துகளைத் தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுத்துவருவேன். பலகையில் பத்து எழுத்து இருந்தால் அதன் வளைவையும் தடிப்பையும் பிடித்துக்கொண்டு மீதி எழுத்துகளை நானே கணினியில் வரைந்து முழுசாக்குவேன். நேற்றுத் திறந்த காப்பிக்கடைக்காரனுக்கு, மன்னர் காலத்திலேயே கடை திறந்தவன் போல ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தை நான் கொடுப்பேன். விற்கிற வேலை என் கூட்டாளி பாசிமுடையது. எனக்கு வாய் ஜாஸ்தி, வாடிக்கையாளரிடம் விட்டால் சண்டையில் முடியும் என்பது அவன் கட்சி. பொய்யென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பலகையை ஷுப்ரா பேட்டையில் பார்த்தேன். ஆகஸ்ட் வெயில். தாகத்துக்கு ஒரு கரும்புச்சாற்றுக் கடையில் ஒதுங்கினேன். கண்ணாடிக் குவளையை வாயில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நீலத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. ‘ஃபர்ஹா கரும்புச்சாறு.’ மொத்தம் பதினொரு எழுத்துகள்தான். ஆனால் எல்லாம் தலைகீழ். எங்கள் எழுத்தில் படுக்கைக் கோடு தடியாக இருக்கும், நிற்கிற கோடு மெலியும். நாணல் பேனா பிறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். இதிலோ நெட்டுக்கோடான அலிஃப் எழுத்து தூண் மாதிரி தடித்து நின்றது. பே எழுத்தின் படகு மாதிரியான நீண்ட அடிக்கோடு நூலாக இளைத்துக் கிடந்தது. ரே எழுத்தின் வால் கீழே இறங்க வேண்டிய தூரம் இறங்காமல் பாதியில் நின்றது. புள்ளிகள் சாய்சதுரமாக இல்லை, உருண்டையாக அப்பியிருந்தன. அலிஃபின் முழங்காலில் ஒரு சின்ன நடுக்கம் வேறு. யாருடா இவன், இத்தனை துணிச்சல்காரன் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இது யார் எழுதினது?” என்று கடைக்காரரின் மகன் ஹம்தியிடம் கேட்டேன். நாற்பது வயது ஆள், தோளில் ஈரத்துண்டு.

“மித்வல்லி உஸ்தா எழுதினது அக்கா, கைதேர்ந்த பலகைக்காரர். எங்கப்பாவோட சேக்காளி. அந்தக் காலத்துல இந்தத் தெரு முழுக்க அவர் கைதான். அதோ பாருங்க தையல்கடை. அதுக்கு மேல பல் டாக்டர்.”

பார்த்தேன். இரண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற அழகு. இலக்கணம் பிசகாத எழுத்து. இரண்டிலும் இடது கீழ் மூலையில் பொடியாக ‘மித்வல்லி எழுதியது’ என்று இருந்தது. எங்கள் எழுத்துக் கலைஞர்களின் வழக்கம் அது. கரும்புச்சாற்றுப் பலகையில் அந்த மூலை வெறுமையாக இருந்தது.

“இதுல பேர் போடலையே?”

“மறந்திருப்பாரு. இன்னொரு கிளாஸ் ஊத்தவா?”

“ஊத்துங்க. ஆள் இருக்காரா?”

“இருக்காரே! மாதாகோயிலுக்குப் பின்னால மூணாவது சந்து. நம்பர் தரட்டுமா?”

“இன்ஷா அல்லாஹ், அப்புறம் வந்து வாங்கிக்கறேன்” என்றேன்.

எந்தத் தொனியில் சொன்னால் அந்த இன்ஷா அல்லாஹ் ‘வர மாட்டேன்’ என்று ஆகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஹம்திக்கும் தெரிந்தது. துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஏன் போகவில்லை? நேரமில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு பெரிய போட்டிக்கு அனுப்ப ஒன்பது வாரம்தான் இருந்தது. ஆனால் மூணாவது சந்துக்கு நடக்க ஒன்பது நிமிடம் போதும். உண்மை வேறு. போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அல்லது, கிழவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ‘இந்த வளைவு இப்படி இல்லம்மா’ என்று ஆரம்பித்துவிட்டால்? அந்தப் பலகை எனக்குத் தனியாக வேண்டியிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் புகுந்தவள் போல எடுத்துக்கொண்டேன்.

பதினொரு எழுத்திலிருந்து முழு எழுத்துருவையும் செய்து முடித்தேன். எங்கள் எழுத்து ஒவ்வொன்றும் சொல்லின் தலையில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் ஒரு மாதிரி என்று உருமாறும் ஜாதி. அத்தனைக்கும் அந்தத் தலைகீழ்த் தடிப்பையும் உருண்டைப் புள்ளியையும் முழங்கால் நடுக்கத்தையும் கொடுத்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், வேலை சுத்தம். கூடவே ஒரு கட்டுரையும் எழுதினேன். அதை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. ‘தையல்கடைக்கும் பல் டாக்டருக்கும் கூலிக்கு எழுதிய கை, இந்த ஒரு பலகையில் விடுதலை அடைந்தது. இது மரபின் கன்னத்தில் விழுந்த அறை’ என்றெல்லாம். எழுத்துருவுக்கு ‘மித்வல்லி’ என்றே பெயர் வைத்தேன். அடுத்தவர் கலையைச் சுட்டுக்கொண்டு தன் பெயரைப் போடுகிறவள் இல்லை நான் என்று ஒரு நெஞ்சு நிமிர்வு.

கட்டுரையை பாசிம்தான் படித்துத் திருத்தினான்.

“‘மறைந்த மேதை மித்வல்லி’ன்னு போட்டிருக்கயே. செத்துட்டாரா?”

“அந்த வயசுல இருக்கறவங்க…”

“ரீஹாம். ஆள் செத்துட்டாரா இல்லையா?”

“விடுடா. ‘மறைந்த’ன்னா நல்லா உக்காருது. அந்த வரியைத் தொடாத.”

இதைச் சொன்னவள் நான்தான். மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பரிசு கிடைத்தது. பரிசின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு தயிர்க் கம்பெனி வந்தது. ‘பழைய கெய்ரோவின் ருசி’ என்று அவர்கள் புதுசாக ஒரு தயிர் இறக்கினார்கள். மேம்பாலத்து விளம்பரப் பலகை, பேருந்தின் முதுகு, மெட்ரோ நிலையம், தயிர்க் கோப்பையின் மூடி, எங்கு பார்த்தாலும் என் எழுத்து. எழுத்துக்காரரின் கதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பழைய வழக்கப்படி இடது கீழ் மூலையில் பொடியாக ‘மித்வல்லி எழுதியது’ என்று போடுங்கள், ஜனங்கள் மயங்கிவிடுவார்கள் என்று. போட்டார்கள். மயங்கினார்கள்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அறைக்கதவு தட்டாமலே திறந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. மெட்ரோ சிப்பந்தியின் சீருடை, தலையில் சாம்பல் நிறத் துணி. நாலு மாடி ஏறிவந்ததில் மூச்சு இரைத்தது.

“லிஃப்ட் வேலை செய்யாதுன்னு கீழயே எழுதி வெக்கக் கூடாதா? எழுத்து வியாபாரம்தானே பண்றீங்க?”

பாசிம் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“இதுல ரீஹாம் யாரு?”

“நான்தான்.”

“நான் இன்ஸாஃப். மித்வல்லியோட மூத்த மக. எங்கப்பா உயிரோட இருக்கார்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

பாசிம் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். ஆத்திர அவசரத்தில் என் வாய் என்ன செய்தது தெரியுமா? பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பங்கு தருகிறோம், முறைப்படி ஒப்பந்தம் போடலாம், நாங்களே தேடிக்கொண்டுதான் இருந்தோம் என்று அளந்தேன். அவள் முழுசையும் கேட்டாள். கேட்டுவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, “நீ உக்காரும்மா முதல்ல” என்றாள். என் அறையில் நான் உட்கார்ந்தேன்.

“எஞ்சினியரம்மா, உங்களுக்குத் தடிப்பு தெரியும், மெலிவு தெரியும். வல்லாஹி, சத்தியமா நல்லாவே தெரியும். அந்தப் பலகை ஏன் அப்படி இருக்குன்னு யாரையாவது கேட்டீங்களா?”

கணினியில் வேலை செய்தால் எங்கள் ஊரில் எஞ்சினியர்தான். பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

“எனக்கு அப்போ பதினேழு வயசு. எனக்குக் கீழ ரெண்டு தம்பிங்க. அப்பாவுக்கு ஒரு நாள் காலைல வாதம் அடிச்சு வலது பக்கம் பூராவும் விழுந்துபோச்சு. எட்டு மாசம் படுக்கை. வீட்ல அடுப்பு எரியல. ஹம்தியோட அப்பா வந்து, ‘என் கடைக்குப் பலகை எழுது, எந்தக் கையால வேணா எழுது, எனக்கு நீ எழுதினாப் போதும்’னார். பரிதாபப்பட்டுக் குடுத்த வேலை அது. அப்பா இடது கையால எழுதினார். பிரஷ் நிக்கல. புள்ளி வைக்க வரல, கட்டைவிரலை மஞ்சள்ல தோச்சு அப்பினார். நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அழுதுக்கிட்டே எழுதினார். நீங்க அதைக் கன்னத்துல அறைன்னு எழுதியிருக்கீங்க.”

கட்டுரையைப் படித்திருக்கிறாள்.

“தெருவே வந்து வேடிக்கை பார்த்துச்சு. ‘மித்வல்லியோட பீச்சாங்கை எழுத்து’ன்னு பேர் வெச்சாங்க. அப்பா கடைக்காரர்கிட்டப் போய்க் கெஞ்சினார், ‘நான் மேல பெயின்ட் அடிச்சுடறேன், எறக்கிடு’ன்னு. அவர் எறக்கல. அன்புதான், வேறென்ன? சேக்காளி அழுது எழுதினதை எப்படி எறக்குவார்? அதோட அப்பா பிரஷைத் தொடல. ஒரு பள்ளிக்கூட வாசல்ல காவலுக்கு உக்காந்தார். இன்ஸ்பெக்டர் வர்றார், கரும்பலகைல நல்வரவு எழுதிக் குடுங்கன்னு டீச்சர் கேட்டப்போ, எனக்கு எழுதத் தெரியாதும்மான்னு சொல்லிட்டார். மித்வல்லி சொன்னார், எழுதத் தெரியாதுன்னு!”

பாசிம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கவில்லை.

“முப்பத்தி நாலு வருஷமா அந்தத் தெருவுக்குள்ள போறதில்ல. சுத்திக்கிட்டுப் போவார். இப்போ எந்தத் தெருவைச் சுத்திக்கிட்டுப் போறதுன்னு சொல்லுங்க. என் டிக்கெட் கவுன்ட்டருக்கு நேர் எதிர்ல ஒட்டியிருக்கு. எட்டு மணி நேரம் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அப்பா மூணு வாரமா வாசப்படி தாண்டல. தொழுகைக்குக்கூடப் போகல.”

“பேர் போட மறந்துட்டார்னு ஹம்தி சொன்னார்…” என்று முனகினேன். முனகும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எழுதுகிறவன் தனக்குத் திருப்தியான வேலையில்தான் பெயர் போடுவான். பெயர் இல்லாவிட்டால், இது என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அர்த்தம். இதை நான் கல்லூரியில் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

“அவர் மறக்கல” என்றாள் இன்ஸாஃப். “அவர் போடாத கையெழுத்தை நீங்க ஊர் பூரா போட்டுட்டீங்க.”

என்னை யாராவது அடித்தால் திருப்பி அடிக்கிறவள் நான். அன்று அடி எங்கே விழுந்தது என்று தடவிப் பார்க்கக்கூடக் கை எழவில்லை.

அன்று சாயங்காலமே மூணாவது சந்துக்குப் போனேன். இன்ஸாஃப்தான் கூட்டிப்போனாள். ஒரு கிலோ பஸ்பூசா இனிப்பு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று கடைசிவரை தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மித்வல்லி சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. வலது கை மடியில் கிடந்தது. சன்னல் கதவு சாத்தியிருந்தது.

“நீதானா அது?” என்றார். “ரொம்பக் குண்டா, கண்ணாடி போட்ட ஆம்பளையா இருக்கும்னு நெனச்சேன். பொம்பளப் புள்ளையா?”

“மன்னிச்சுடுங்க உஸ்தா.”

“அது இருக்கட்டும். முழுசையும் காட்டு.”

மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். எழுத்துகளை வரிசையாகப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். இடது கை விரலால் திரையைத் தொடாமலே ஒவ்வொரு வளைவையும் காற்றில் தொடர்ந்தார். அலிஃபில் நின்றார். பேயில் நின்றார். முகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு எழுத்தில் புருவம் உயர்ந்தது.

“இந்த மீம் யாரோடது? பலகைல மீம் கெடையாதே.”

“நான் செஞ்சது உஸ்தா.”

“நொண்டுது.”

“உங்க அலிஃபைப் பார்த்து, அதே மாதிரி வரணும்னு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“என் நொண்டியப் பார்த்து நீ நொண்டினயாக்கும்? எனக்காவது வாதம் வந்துச்சு. உனக்கு என்ன கேடு? நல்ல காலை எடுத்து ஒடிச்சு வெச்சிருக்க.”

இன்ஸாஃப் சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. எனக்கு இரண்டும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

“இதை எல்லா எடத்துலயும் எறக்க முடியுமா?” என்று கேட்டார்.

“தயிர்க் கம்பெனிக்கு மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்துட்டோம் உஸ்தா. வேற யாருக்கும் விக்காம நிறுத்திடறேன். ஆனா அவங்க…”

“முடியாது. அதைச் சொல்லு.”

“முடியாது.”

தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எதையாவது சரிசெய்தாக வேண்டும் என்று எனக்குள் பரபரத்தது. அப்போதும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள்.

“உஸ்தா, நான் உண்மையைச் சொல்லிடறேன். கட்டுரையை மாத்தி எழுதறேன். மூணு புள்ளைங்களுக்காக, வலது கை விழுந்தப்புறம் இடது கையால எழுதினவர்னு எல்லாருக்கும் தெரியட்டும். ஜனங்க கண்ல தண்ணி விட்டுருவாங்க. உங்களைத் தலைல தூக்கி வெச்சுக்குவாங்க.”

அவர் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்.

“அதுக்குத்தாம்மா பயப்படறேன்” என்றார். “நீ விடமாட்ட போல இருக்கே. முதல்ல என்னைத் துணிச்சல்காரனா ஆக்கி வித்த. இப்போ பாவப்பட்டவனா ஆக்கி விக்கப் பாக்கற. அவங்க அழறதுக்கு நான் ஆள் இல்ல. தையல்கடைப் பலகை எழுதின மித்வல்லின்னு என்னைத் தெரிஞ்சவங்க இன்னும் நாலு பேர் உயிரோட இருக்காங்க. அது போதும் எனக்கு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த மனுஷன் வீட்டில், அவர் முகத்துக்கு நேரே, இன்னொரு முறை அவரை எடுத்து விற்கப் பார்த்திருக்கிறேன்.

“என்ன செய்யட்டும் உஸ்தா? சொல்லுங்க.”

“என் பேரை எடு. பலகைல, தயிர்ல, உன் எழுத்துக்கு வெச்ச பேர்ல, எல்லாத்துலயும். எதுக்கு எடுத்தன்னு ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது.”

“ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே?”

“அது உன் பாடு.”

“கட்டுரைல ‘மறைந்த’ன்னு போட்டுட்டேன்… அதையாவது திருத்திடறேன்.”

“அதை விட்டுடு” என்றார். “அந்த ஒண்ணுலதான் எனக்குக் கோவம் இல்ல. செத்தவனைத் தேடிக்கிட்டு யாரும் கேமராவைத் தூக்கிக்கிட்டு வரமாட்டான்.”

பஸ்பூசாப் பெட்டியை மடியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

பெயரை எடுக்க ஒரு மாதம் ஆயிற்று. தயிர்க் கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. பெயரை எடுக்காவிட்டால் எங்கள் மேல் வழக்கு வரும் என்று பாசிம் ஏதோ மழுப்பிச் சமாளித்தான். மூலையில் இருந்த அந்தப் பொடி வரி போயிற்று. எழுத்துருவின் பெயரை ‘பதினொன்று’ என்று மாற்றினேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே வசவு ஆரம்பித்தது. எழுத்துருத் தொழிலில் நாங்கள் ஊரில் ஒரு கைப்பிடிதான் இருப்போம், ஆனால் ஆயிரம் பேர் வாய் எங்களுக்கு உண்டு. முதலில் ஒருத்தன் பழைய விளம்பரத்தையும் புதிய விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டான். ‘செத்துப்போன கலைஞன் பெயரைத் துடைத்த கை’ என்று தலைப்பு. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வாரிசுகளுக்குப் பங்கு கொடுக்காமல் இருக்கத்தான் துடைத்தாள் என்றார்கள். பரிசைத் திருப்பிக் கொடு என்றார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே எழுதினார்கள். ஒரு முறை தட்டச்சுப் பலகையில் விரலை வைத்து, ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்றுவரை அடித்துவிட்டு அழித்தேன்.

பாசிம் கெஞ்சினான்.

“ஒரே ஒரு வரி ரீஹாம். ‘குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி’ன்னு போட்டுடலாம். அதுல பொய் இல்லையே.”

“குடும்பத்தார் யாருன்னு நாளைக்கே தேடிப் போவானுங்க. மூணாவது சந்துல போய் நிப்பானுங்க.”

“அப்போ நாம திருடங்கதானா?”

“நீ இல்ல” என்றேன். “நீ கேட்ட, ஆள் செத்துட்டாரா இல்லையான்னு. நான்தான் பதில் சொல்லல.”

அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் முன்போல என்னோடு சிரிப்பதும் இல்லை.

நுண்கலைக் கல்லூரியில் ஒரு பேச்சுக்கு ஆறு மாதம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். வர வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று ஆசையோடு காத்திருந்தேன். சொல்லவில்லை. இப்போது வந்தால்தானே கூட்டம் வரும்? பிற்பகல் மூன்று மணிக்கு அரங்கு நிறைந்து, ஓரங்களில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வேறு எழுத்துருக்களைப் பற்றி அரைமணி நேரம் ஏதோ பேசினேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் மெட்ரோ சீருடையைப் பார்த்தேன். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாக்கைக் காப்பாற்றுவேனா என்று பார்க்க வந்திருக்கிறாள் என்று புரிந்தது. வந்ததில் தப்பு என்ன? என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். மெலிந்த பெண், குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

“மேடம், ஒரே கேள்விதான். ‘பதினொன்று’ எழுத்து யார் எழுதினது?”

என் வாய்க்குள் அந்த வரி தயாராக இருந்தது. ஒரே வரி. அவர் உயிரோடு இருக்கிறார், அவர்தான் எடுக்கச் சொன்னார், ஏனென்றால்… அதைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அழுவார்கள். நாளைக் காலை மூணாவது சந்தில் பூங்கொத்தோடு நிற்பார்கள். சாத்தின சன்னலைத் தட்டுவார்கள். இடது கையைக் காட்டச் சொல்லிப் படம் எடுப்பார்கள்.

இன்ஸாஃப் அசையவே இல்லை.

“நான் எழுதினது” என்றேன்.

ஓவென்று சத்தம். யாரோ ஒருத்தன் விசில் அடித்தான். “அப்போ மித்வல்லி யாரு?” என்று ஒரு பக்கத்திலிருந்து கத்தல். “அவரும் இதை எழுதல. நான் தப்பாப் போட்டுட்டேன்” என்றேன். சத்தம் இரண்டு மடங்கானது. கல்லூரி முதல்வர் கையை உயர்த்தி அடக்கப் பார்த்தார். அந்தப் பெண் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு அந்தக் கிழவர்மேல், பார்த்தே இராத அந்த மனிதர்மேல், அவ்வளவு பாசம்.

“செத்துப்போனவர் மேடம் அவர். வந்து கேக்க மாட்டார்னுதானே?” என்றாள். “உங்களுக்கு வெட்கமா இல்லையா?”

ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவந்தேன்.

“இருக்கு” என்றேன்.

அரங்கம் சிரித்தது. நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.